வாசகர் கேள்வி – பதில்: முழங்காலில் காந்தம், மாவுக்கட்டின் மேல் சுருள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி. ரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும் என்று சொல்லி, பொருட்காட்சியில் காந்தப் பட்டை விற்றார்கள். கட்டலாமா? அவருக்கு பேஸ்மேக்கர் உண்டு.
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் பேஸ்மேக்கர். சுமார் 10 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தப்புலம் பட்டாலே அது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல், ஒரே வேகத்தில் துடிப்பு அனுப்பத் தொடங்கிவிடும். முழங்காலில் இருக்கும் காந்தம் அவ்வளவு தூரம் எட்டாது. கழற்றி மார்போடு அணைத்து வைப்பதுதான் ஆபத்து, 15 செ.மீ. இடைவெளி எப்போதும் வேண்டும். காந்த மெத்தை அறவே கூடாது.

ரத்த இரும்புக் கதை தவறு. ஹீமோகுளோபினில் பிணைந்திருக்கும் இரும்பு, ஆணி இரும்பைப் போல நடந்துகொள்ளாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கவே செய்கிறது. வேதியியலாளர்கள் பாலிங், கோரியெல் இருவரும் 1936-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

வீட்டிலேயே சோதியுங்கள். பட்டையின் மேல் துணியை மடித்து மடித்து வைத்து, குண்டூசி ஒட்டுகிறதா என்று பாருங்கள். வடக்கும் தெற்கும் மாறி மாறிப் பதித்த பட்டையில் சில மில்லிமீட்டரிலேயே புலம் தேய்ந்துவிடும். கிடைக்கும் இதம் இறுக்கத்தாலும் கதகதப்பாலும் வருவது. அதற்குச் சாதாரண நீ-கேப் போதும்.

கேள்வி: கீழ்க்கால் எலும்பு முறிந்து 9 மாதமாகியும் கூடவில்லை. மருத்துவர் மின்காந்தச் சுருள் கருவி எழுதித் தந்திருக்கிறார். இதுவும் அதே காந்தம்தானா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. அசையாத காந்தம் திசுவில் மின்சாரத்தைத் தூண்டாது. நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கும் புலம் தூண்டும். கூடாத எலும்புக்கு இத்தகைய துடிப்புப் புலக் கருவியை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 1979-இல் அனுமதித்தது. ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை என்பதால், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

சுருளை மாவுக்கட்டின் மேலேயே வைக்கலாம், புலம் ஊடுருவும். ஆனால் சுருளின் நடு, முறிவுக்கு நேராக இருக்க வேண்டும். எக்ஸ்ரே பார்த்துக் கட்டின் மேல் குறியிடச் சொல்லுங்கள். தினசரி நேரம் கருவிக்குக் கருவி மாறும்: சிலவற்றுக்கு 30 நிமிடம், சிலவற்றுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ. பலரும் தவறுவது இங்கேதான். வலி இல்லாததால் நாள்களை விட்டுவிடுகிறார்கள். முறிவு முனைகளுக்கிடையே ஒரு செ.மீ. இடைவெளி இருந்தாலோ முனைகள் ஆடிக்கொண்டிருந்தாலோ எந்தப் புலமும் பாலம் கட்டாது. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். 3 மாதத்தில் எக்ஸ்ரேயில் மாற்றமே தெரியாவிட்டால், எலும்பு ஒட்டு அறுவை தேவையா என்று கேளுங்கள்.