காவிரிப் படுகையில் சூழலைக் கெடுக்காத விடுதியை நடத்த முடியுமா?

திருவாரூர்ப் பக்கம் 2 ஏக்கர் நிலம் இருக்கிறது, அதில் சுற்றுச்சூழலைக் கெடுக்காத வகையில் பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி கட்டலாமா, கூரைக்கு என்ன போடுவது, சூரிய மின்சாரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்துக்கு அருகே, குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஊரில், என் கணவரின் தாத்தா கட்டிய முற்றம் வைத்த ஓட்டு வீட்டில் ஐந்து அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கி 2017 முதல் நாங்கள் இருவரும் நடத்தி வருகிறோம். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், முடியும். ஆனால் உங்கள் கேள்வியில் கூரையைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் இருக்கிறதே தவிர, கழிவுநீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குளியலறையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் வெளியேறும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை நாங்கள் முதல் மழையிலேயே கற்றுக்கொண்டோம்.

தொடங்கிய ஆண்டில் ஊரில் எல்லோரும் செய்வதைப் போலவே ஒரு செப்டிக் டேங்கும், அதிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கச் சிமெண்டு உறை இறக்கிய குழியும் அமைத்தோம். ஆவணி, புரட்டாசி வரை ஒரு தொல்லையும் இல்லை. கார்த்திகையில் அடைமழை பிடித்த நான்காம் நாள் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்காமல் தேங்கியது. மறுநாள் காலையில் முற்றத்துக் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தேன். கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் கீழே வரை நீர் ஏறியிருந்தது. வாளித் தண்ணீரின் விளிம்பில் சோப்பு நுரை மெல்லிய வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தருகே கொண்டு சென்றபோது அழுகிய இலையின் வாடை அடித்தது. சோதனைக்குக் கொடுத்தோம், மலக் கிருமிகள் கலந்திருப்பதாக முடிவு வந்தது. "மழை நாள்ல எல்லா வீட்லயும் இதுதாம்மா, தை பொறந்தா தானா சரியாப் போயிடும்" என்றார் கொத்தனார். அவர் சொன்னதில் பொய் இல்லை, தையில் நீர்மட்டம் இறங்கத்தான் செய்தது. ஆனால் தை பிறக்கும் வரை அந்தக் கிணற்று நீரைத்தான் நாங்களும் குடிக்க வேண்டும், அடுத்த வீட்டுக் குழந்தைகளும் குடிக்க வேண்டும். அன்றே அறைகளைப் பூட்டினோம்.

காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் என்பதால், பல இடங்களில் மேலே களியும் அதற்குக் கீழே மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. களி நீரை உறிஞ்சாது. அதனால் களியைத் துளைத்துக்கொண்டு மணல் வரை உறை இறக்குகிறார்கள். அடிபம்பும் கிணறும் நீர் எடுப்பது அதே மணலிலிருந்துதான். கோடையில் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே சில அடி மண் வடிகட்டியாக நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறி அந்த இடைவெளி மறைந்துவிடும்போது, குழியில் விழுவது அப்படியே குடிநீரோடு கலக்கிறது. மலைப்பகுதி விடுதிகளின் வரைபடத்தைப் பார்த்து இங்கே கட்டுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுவே.

இப்போது எங்களிடம் இருப்பது கசிவே இல்லாத, மூன்று தடுப்புகள் கொண்ட தொட்டி. மழைவெள்ளம் உள்ளே புகாதபடி அதன் மூடி தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. கழிவறைகளையும் அதற்கேற்ப உயர்த்தி, நான்கு படி ஏறிச் செல்லும்படி மாற்றிக் கட்டினோம். தொட்டியிலிருந்து வெளிவரும் நீர், அடியில் நீர் புகாத விரிப்பும் மேலே சரளைக் கல்லும் போட்ட, மேடை போன்ற ஒரு பாத்திக்குப் போகிறது. அதில் கல்வாழையும் சேம்பும் வெட்டிவேரும் நட்டிருக்கிறோம். ஆளுக்கு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் என்று கணக்கிட்டு, பத்துப் பேருக்கு 20 சதுர மீட்டர் பாத்தி. நீர் சரளையின் மேற்பரப்புக்கு நான்கு விரல்கடை கீழேயே ஓடும்படி வெளிக்குழாயின் உயரத்தை வைக்க வேண்டும். வெளியே நீர் தெரிந்தால் கொசு முட்டையிடும், நோய்க்கு நாமே இடம் கொடுத்ததாகும். ஒருமுறை பழுத்த கல்வாழை ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் ஒவ்வொரு கல்லையும் வெள்ளைச் சல்லடையாகச் சுற்றியிருந்தன, கல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படிந்திருந்தது. அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. கடைசியில் வரும் நீரில் நாற்றம் இல்லை. அதை வாழைக்கும் தென்னைக்கும் மட்டுமே விடுகிறோம், கீரைப் பாத்திக்கு விடுவதில்லை.

இவ்வளவு செய்தும் ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி பிறக்கும் வரை விடுதியை மூடிவிடுகிறோம், நிலம் நீரால் நிறைந்திருக்கும்போது அதன் மேல் மேலும் சுமை ஏற்றக் கூடாது என்பதால். உங்கள் இடம் மிகவும் தாழ்ந்த பகுதி என்றால், தண்ணீர் ஊற்றாத உலர் கழிவறையையும் நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவி மட்கவைக்கும் இம்முறையைக் காவிரிக்கரை முசிறிப் பகுதியில் பல குடும்பங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. விருந்தினருக்கு முதல் நாள் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

ஆகவே பத்துப் பன்னிரண்டு அறைகள் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். ஓட்டல்களுக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. பன்னிரண்டு அறைகளில் இருபத்து நான்கு பேர் தங்கினால் 4,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும், அதில் பெரும்பகுதி கழிவுநீராகச் சேரும். ஷவர் குழாயை எடுத்துவிட்டுப் பித்தளை அண்டாவும் செம்பும் வைத்து, இரண்டு அளவில் நீர் விடும் கழிவறைப் பீங்கானைப் பொருத்தியதில் எங்கள் தேவை ஆளுக்கு 100 லிட்டருக்குள் அடங்கியது. சிறு பொட்டலங்களில் ஷாம்பு வைப்பதில்லை. சீயக்காயும் பயத்தமாவும் பீங்கான் ஜாடியில் இருக்கும். குடிநீரையும் சோதித்துப் பாருங்கள். உப்பு அளவுக்குள் இருந்தால் ஆர்.ஓ. இயந்திரம் தேவையே இல்லை. நல்ல தண்ணீரில் பெரும்பங்கை அது வீணே வெளியேற்றும். எங்கள் நீரில் உப்பு குறைவு என்பதால் வடிகட்டிக் கொதிக்கவைத்து மண்பானையில் வைக்கிறோம். வேதாரண்யம் போன்ற கடலோரங்களில் நிலத்தடி நீர் கரிக்கும், அங்கே மழைநீரைத் தேக்கிவைப்பது நல்லது.

கட்டடத்தைப் பொறுத்தவரை, இருக்கும் பழைய வீட்டைச் செப்பனிடுவதைவிடச் சூழலுக்கு இணக்கமான கட்டுமானம் எனக்குத் தெரிந்து இல்லை. அது இல்லையென்றால் தோப்பிலோ திடலிலோ கட்டுங்கள். நஞ்சையில் மண் கொட்டி மேடாக்கினால் பக்கத்து வயலின் வடிகாலை அடைக்கிறீர்கள். நஞ்சையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்பது சட்டம், அது நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன். நாங்கள் சுவர்களின் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசிய பிறகு ஈரம் பூத்து உதிர்வது குறைந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அவற்றில் முற்றிய மரங்களை வாங்கிவந்து பின்கட்டுக்கு உத்திரமும் சட்டமும் ஆக்கினோம். கீற்றுக் கூரை அழகானது, குளிர்ச்சியானது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த ஊர்க்காரர்கள் நாங்கள். கீற்றுக்குக் கீழே ஒருவரைத் தூங்கவைக்க என் மனம் இடம் கொடுக்காது. படுக்கும் அறைகளுக்கு நாட்டு ஓடு போடுங்கள், கீற்று வேண்டுமானால் சாப்பாட்டுப் பந்தலோடு நிற்கட்டும்.

மின்சாரம் எளிது. 3 கிலோவாட் சூரியத் தகடுகள் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தருகின்றன. 30 வாட்டில் ஓடும் சிக்கன விசிறிகள் (பி.எல்.டி.சி.), விளக்குகள், குளிர்பதனப் பெட்டி, நீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அது போதும். இரவு முழுவதும் ஓடும் ஒரே ஒரு ஏ.சி. அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் ஏ.சி. வைக்கவில்லை. கத்திரி வெயிலில் வர விரும்புகிறவர்களிடம், புழுக்கமாக இருக்கும் என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். சாண எரிவாயுவையும் அளவறிந்து நம்புங்கள். இரண்டு மாடுகளின் 20 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டருக்கும் குறைவான வாயுதான் கிடைக்கும். எங்களுக்குக் காலைக் காப்பிக்கும் இட்லிக்கும் சரியாக இருக்கிறது, மதியச் சமையலுக்கு சிலிண்டர்தான்.

சாப்பாட்டில்தான் டெல்டா நமக்குத் துணை நிற்கிறது. மூன்று மைல் சுற்றளவில் விளையும் தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் சோற்றுக்கு, மாப்பிள்ளைச் சம்பா காலைக் கஞ்சிக்கு. இவற்றை மருந்தடிக்காமல் விளைவிக்கும் நான்கு குடும்பங்களிடம், அறுவடைக்கு முன்பே விலை பேசி வாங்குகிறோம். வாழையிலையில் பரிமாறுகிறோம், இலை மாட்டுக்குப் போகிறது. அரிசி களைந்த கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்கு. சமையலுக்கும் அறைகளைப் பேணவும் எங்கள் தெருப் பெண்கள் ஐவர் வருகிறார்கள். மூடியிருக்கும் ஒன்றரை மாதத்துக்கும் பாதிச் சம்பளம் கொடுக்கிறோம். அதையும் சேர்த்தே அறை வாடகையை வைத்திருக்கிறோம், நீங்களும் தொடக்கத்திலேயே அப்படிக் கணக்குப் போடுங்கள்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் என்று யாருக்கும் தேதி சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டும். 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தையும் மாசியும் சிறந்த மாதங்கள். சம்பா அறுவடை நடக்கும், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நிறைந்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளி விளக்குகளை அணைத்துவிடுகிறோம். அணைக்கத் தொடங்கிய பிறகு வரப்போர நொச்சியில் மின்மினிகளைப் பார்க்கிறோம்.

வரைபடம் போடும் முன் வரும் கார்த்திகையில் ஒரு வாரம் உங்கள் நிலத்தில் தங்குங்கள். கழிவறை வர வேண்டிய இடத்தில் நான்கடிக் குழி ஒன்று தோண்டி, மழை நின்ற மறுநாள் ஒரு மூங்கில் கழியை விட்டு, நீர் தரையிலிருந்து எத்தனை அங்குலம் கீழே நிற்கிறது என்று அளந்து இங்கே எழுதுங்கள். தொட்டியை எந்த உயரத்தில் வைப்பது, எத்தனை அறைகள் தாங்கும் என்பதை அந்த அளவை வைத்துச் சேர்ந்து கணக்கிடலாம்.