யார் வாசித்தது? (கடிதம்)

அன்புள்ள சார்,

உங்கள் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் வயலின் கலைஞன். சிறுவயதிலிருந்து கர்நாடக சங்கீதம், பிறகு மேற்கத்திய முறையிலும் பயிற்சி. நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வாசிக்கிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. காலையில் போய் உட்கார்ந்தால் என்ன படம், என்ன பாட்டு என்றுகூடப் பல நாள் தெரியாது. ஹெட்போனில் வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தம் ஓடும். முன்னால் ஒரு இசைக்குறிப்புத் தாள். ஆறு பேர் இருப்போம். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து, அடுக்கி, இருபத்துநான்கு பேர் வாசித்ததுபோல் ஆக்குவார்கள். 'ஒன் மோர்' என்ற குரல் தூக்கத்திலும் கேட்கிறது. ஒரு மாதம் ஓயாமல் வேலை இருக்கும், அடுத்த மாதம் அழைப்பே வராது. சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் நான் வாசித்த பாட்டைப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவரிடம்கூட நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? யாரோ எழுதிக்கொடுத்ததை வாசித்தேன், அவ்வளவுதானே?

உங்களுக்கு ஆதர்சமான இசைக்கலைஞர்கள் யார்? ஒரு கலைஞன் தன் உந்துதலைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி? கம்ப்யூட்டரே மொத்த வயலின் வரிசையையும் வாசித்துவிடும் காலத்தில் எங்களுக்கு வேலை இருக்குமா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் சொந்த இசையைச் செய்யப் போய்விடலாமா?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கேள்விகளைவிட ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்காரவைத்தது. 'யாரோ எழுதிக்கொடுத்ததை வாசித்தேன், அவ்வளவுதானே?' கொஞ்ச நாளாகப் பழைய தமிழ்ப் பாடல்களை எடுத்துவைத்துக்கொண்டு, பாடகரை விட்டுவிட்டு, பின்னால் ஓடும் வயலின்களை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலும் இதை வாசித்தது யார் என்று தேடுகிறேன். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. இந்தச் சமயத்தில் வாசித்த ஆளே வந்து, 'நான்தான் வாசித்தேன், யாரிடமும் சொல்லவில்லை' என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பயத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். எண்பதுகளில் பதித்துவைத்த இசையைத் தானே வாசிக்கும் சீக்வென்சர் கருவி வந்தபோதும் இந்தப் பயம் இருந்தது. சிலருக்கு வேலை போனது உண்மை. இன்று நம் இசையமைப்பாளர்கள் புடாபெஸ்டிலும் மாசிடோனியாவிலும் முழு இசைக்குழுக்களை உட்காரவைத்து, இங்கிருந்தபடியே இணையம் வழியாக ஒலிப்பதிவு செய்கிறார்கள். எல்லா சாஃப்ட்வேரும் கையில் இருக்கும்போதே மனிதர்களைத் தேடி அவ்வளவு தூரம் போகிறார்கள். இதற்குமேல் அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தாளுக்கு வருகிறேன். தாளில் என்ன இருக்கிறது? சுரம், அதன் நீளம், எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும், சில இடங்களில் வில் மேலா கீழா என்ற குறி. வில்லின் அடியில் வாசிப்பதா நுனியிலா, விரலை எவ்வளவு அகலமாக அசைப்பது, ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு நேராகப் போவதா தடவிக்கொண்டு போவதா, இதிலெல்லாம் முக்கால்வாசி அங்கே இல்லை. ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது மேற்கத்திய இசையைக் கோடுகளில் எழுதும் முறை, சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்கும் நம் கமகத்துக்காக உருவானது அல்ல. மேற்கத்திய வாசிப்பு மட்டும் தெரிந்த ஒருவர், கல்யாணி ராகத்தில் அமைந்த ஒரு சிறு பகுதியைத் தாளைப் பார்த்துப் பிசகில்லாமல் வாசித்தாலும் படிக்கட்டு ஏறுவதுபோலத்தான் இருக்கும். கோடம்பாக்கத்து வயலின்களுக்கு உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் ஒலி உண்டு. குருவிடம் உட்கார்ந்து வர்ணம் வாசித்துப் பழகிய பலர், பிறகு ஸ்டாஃப் நொட்டேஷனும் கற்றுக்கொண்டு அந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். தாளில் இல்லாததைக் கை சேர்த்தது. உங்கள் கையும் அதைத்தான் செய்கிறது. நீங்கள் இரண்டையும் படித்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எப்படி 'அவ்வளவுதானே' என்று எழுத மனம் வந்தது?

என் அப்பா அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர். இரண்டாம் வயலின். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, கல்யாணமான பிறகுதான் நொட்டேஷன் கற்றார். வீட்டில் அவர் பாட்டு வாசித்து நான் கேட்டதே குறைவு. ஒரே சுரத்தை நீளமாக, வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஒலி கூடாமல் குறையாமல் இழுத்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். கேட்டால், 'என் வயலின் எனக்கே தனியாக் கேட்டா நான் தப்பா வாசிக்கிறேன்னு அர்த்தம்' என்பார். பக்கத்து நாற்காலிக்காரரின் வில் எங்கே திரும்புகிறதோ அங்கே தன் வில்லும் திரும்ப வேண்டும், அவர் விரல் அசையும் அளவுக்குத்தான் தன் விரலும் அசைய வேண்டும். பத்துப் பேர் வாசித்து ஒருவர் ஒலியாகக் கேட்பது என்றால் அந்தப் பத்துப் பேரும் வாழ்நாள் முழுக்கத் தங்களை அடக்கிப் பழகியிருக்கிறார்கள் என்று பொருள். அரங்கில் தனியாக வாசிக்கும் வித்வானுக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை. பலருக்கு இது வரவும் வராது.

அப்போது எல்லாமே ஒரே நேரத்தில் பதிவாகும். பாடகர், கோரஸ், தபலா, வயலின்கள், புல்லாங்குழல் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் சறுக்கினாலும் அத்தனை பேரும் பல்லவிக்கு முந்தைய இசையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இதில் வெளியே தெரியாத ஒரு கஷ்டம் இருக்கிறது. பாடகர் எந்த டேக்கில் மிக நன்றாகப் பாடப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்த டேக்கில் பின்வரிசை வயலின் தவறினால் அந்தப் பாட்டே போயிற்று. ஆகவே அவர் எல்லா டேக்கிலும் சரியாகவே வாசித்தாக வேண்டும். காலையில் முதல் டேக்கிலும், பசி வந்துவிட்ட நேரத்துக் கடைசி டேக்கிலும் அதே சுத்தம். உங்களுக்கு 'ஒன் மோர்' தூக்கத்தில் கேட்கிறது என்கிறீர்கள். உங்கள் காலத்தில் தவறிய இரண்டு பாரை (தாள அளவை) மட்டும் பஞ்ச் செய்து, அதாவது திரும்ப வாசித்து ஒட்டிக்கொள்ளலாம். இதை உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு அடுக்கிலும் உயிர் குறையாமல் பார்த்துக்கொள்வது வேறு வகைச் சிரமம். அது எனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். இலங்கை வானொலியில் ஒரு பாட்டு வந்தால் அம்மா உள்ளேயிருந்து, 'இது நீங்க வாசிச்சதா?' என்று கேட்பாள். அப்பா ஒரு நிமிடம் காதுகொடுத்துவிட்டு, 'இருக்கலாம்' என்பார். எப்போதும் அதுதான் பதில். பணிவெல்லாம் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. படத்தின் பெயர் அன்று முடிவாகியிருக்காது, பாட்டின் வரியை அவர் கவனித்திருக்க மாட்டார், அவர் வாசித்த பகுதி தனியாகக் கேட்காது. அவர் காலமான பிறகு அவர் வாசித்த பாடல்களை ஒரு பட்டியலாகத் தொகுக்க நினைத்தேன். முடியவில்லை. ஒரு காகிதம் இல்லை, ஒரு நோட்டு இல்லை, எந்த இசைத்தட்டு உறையிலும் பெயர் இல்லை. உடன் வாசித்தவர்களைத் தேடிப் போனால், 'ஆமாம், அவர் இருந்தார்' என்பார்கள். எந்தப் பாட்டில் என்றால் அவர்களுக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு கலைஞரின் மகனுக்கு, 'இது என் அப்பா' என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு பாட்டுகூடக் கிடையாது. நீங்கள் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் அறுபதுகளில் பதிவான எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் கிடார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசித்தவர். உலகம் முழுக்க பேஸ் கிடார் வாசிக்கும் முறையையே அந்த ஒரு விரல் மாற்றியது. அவர் பெயரும் உடன் வாசித்தவர்கள் பெயரும் இசைத்தட்டு உறையில் அச்சாக 1971வரை, பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் என்ற டிரம்மர், பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்த சில விநாடித் தாளத்தை எடுத்து, பிற்பாடு நூற்றுக்கணக்கான பாடல்களில் ஒட்டிக்கொண்டார்கள். அவருக்கு அதிலிருந்து ராயல்டி கிடையாது.

நம் ஊரிலும் விதிவிலக்குகள் உண்டு, அவற்றால் என்ன நடந்தது என்று பாருங்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசை ஆல்பம் 1986இல் வந்தது. அதன் தனி வயலின் வி.எஸ். நரசிம்மன் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும், ஆகவே அவருடைய பிற வாசிப்புகளைத் தேடிக் கேட்க ஒரு கூட்டம் உருவானது. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் கேசட் உறைகளில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டார். கல்லூரிப் பையன்களுக்குக்கூட புல்லாங்குழல் நவீன்குமார் என்று தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகு காது மாறிவிடுகிறது. 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டின் கிடாரை முணுமுணுக்காத தமிழர் உண்டா? அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

பெயரில் என்ன இருக்கிறது, சம்பளம் வந்தால் போதும் என்று சொல்லாதீர்கள். சட்டமே பெயரில்தான் நிற்கிறது. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 2012 திருத்தத்தை எடுத்துப் படியுங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி தந்த திருத்தம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதே திருத்தம் பிரிவு 38ஏ வழியாக நிகழ்த்துகலைஞர்களுக்கும், அவர்கள் நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி உண்டு என்கிறது. ஆனால் நிகழ்த்துகலைஞர் என்றால் யார் என்று சொல்லுமிடத்தில் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு போகிறபோக்கில் வந்துபோவதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் அவர் பெயர் வராமலும் இருந்தால், அவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். தன் பங்கைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். 'வாசித்தது நான் என்று குறிப்பிடு' என்று கேட்கும் உரிமைகூடக் கிடையாது. ஒரு பாட்டு முழுக்க ஓடும் வயலின் போகிறபோக்கில் வந்துபோவதா? இல்லை என்றுதான் நான் வாதிடுவேன். ஆனால் அப்படி வாதிட வேண்டிய நாளில், நீங்கள் அந்த அறையில் இருந்தீர்கள் என்பதற்கே உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சாட்சிக்கு வரமாட்டார்.

ஒரு காலத்தில் எம்.பி. சீனிவாசன் சினிமா இசைக்கலைஞர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். தானே இசையமைப்பாளர், தனக்கு எதிராகவும் பேசக்கூடிய ஒரு சங்கத்தைக் கட்டினார். கூலியைக் கேட்டு வாங்கலாம் என்ற தைரியம் அப்பா தலைமுறைக்கு அங்கிருந்துதான் வந்தது. பெயரைக் கேட்டு வாங்குவது உங்கள் தலைமுறையின் வேலை. இன்று பாட்டு செல்போனில் ஓடுகிறது, பெயர் போட உறையில் இடமில்லை என்ற சாக்கும் இல்லை.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, ஸ்டூடியோ, இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, கூட வாசித்தவர்கள் யார் யார், என்ன சுருதி, என்ன வேகம். படத்தின் பெயர் தெரியாவிட்டால் இடம் விட்டுவையுங்கள், பிறகு நிரப்பலாம். அனுமதித்தால் தாளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வெளிவந்தவுடன் உங்களை அழைத்த கோஆர்டினேட்டருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: வாசித்தவர்கள் பட்டியல் இது, சேர்க்க முடியுமா? பத்தில் ஒன்பது பேர் பதில் போடமாட்டார்கள். பரவாயில்லை, பத்தாவது ஆளுக்காக அனுப்புங்கள்.

உந்துதலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரெக்கார்டிங் கலைஞனுக்கு அது காலையில் கால்ஷீட்டோடு வரும் என்று அப்பா சொல்வார். என் ஆதர்சங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இதற்குள் அடங்காது. இப்போதைக்கு இசையமைப்பாளர் சலில் சௌதுரியின் பாடல்களை எடுத்து, மெட்டை விட்டுவிட்டு, நடுவில் ஓடும் வாத்தியங்களின் துணை மெட்டுகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வேலையை விடாதீர்கள். சொந்த இசையையும் செய்யுங்கள், ஒன்று மற்றதற்குத் தடை இல்லை. இரவு வீட்டில் செய்யுங்கள், வேலை வராத மாதத்தில் செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், மற்ற ஐவரில் ஒருவர் பெயரும் இல்லை. உங்கள் சொந்தப் பாட்டு வெளிவரும் நாளில் அதில் வாசித்த ஒவ்வொருவரின் பெயரும் வாத்தியமும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து கேட்டு எழுதுகிறேன். இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்