நன்றாக இருந்த மீன்கள் ஒரே இரவில் ஏன் இறந்தன?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. 100 லிட்டர் தொட்டி, ஓராண்டாக எந்தச் சிக்கலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நிரப்பியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலையில் கோல்டு ஃபிஷ்களும் மோலிகளும் இறந்து கிடந்தன. இரண்டு கௌராமிகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. மீன்கடைக்காரர் தொற்றுநோய் என்று சொல்லி ஒரு நீல மருந்தைக் கொடுத்திருக்கிறார்.

முதலில், அந்த மருந்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நோய் இப்படிக் கொல்வதில்லை. வெள்ளைப் புள்ளி நோயானாலும் துடுப்பு அழுகலானாலும் ஒரு மீன் இரை எடுக்காமல் ஒதுங்கும், அடுத்த நாள் இன்னொன்றின் துடுப்பு சுருங்கும், பிறகுதான் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கும். கோடை வெப்பத்தில் வேகமாகப் பரவும் சில பாக்டீரியத் தொற்றுகள்கூட ஓரிரு நாட்கள் எடுத்துக்கொண்டு, உடலில் வெண்திட்டுகளைக் காட்டிவிட்டே கொல்லும். முந்தைய மாலையில் இரைக்கு ஓடிவந்த மீன்கள் எல்லாம் விடிவதற்குள் இறந்தால், பழுது தண்ணீரில்தான் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கையில் செத்த மீனோடு வருகிறவருக்கு ஏதாவது ஒரு புட்டியைக் கொடுத்தனுப்ப வேண்டிய நிலை அவருடையது.

தண்ணீரில் என்ன பழுது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு தடயங்கள் போதும்: கடைசியாகத் தொட்டியில் செய்த மாற்றத்துக்கும் சாவுக்கும் இடையே எவ்வளவு நேரம் கடந்தது என்பதும், எந்த மீன் பிழைத்தது என்பதும். உங்கள் தொட்டியில் இரண்டுமே தெளிவாக இருக்கின்றன. கௌராமிக்கும் ஃபைட்டர் மீனுக்கும் செவுளோடு கூட, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிப்பதற்கான தனி உறுப்பு தலைப்பகுதியில் உண்டு. மற்றவை எல்லாம் இறந்து இவை மட்டும் பிழைத்தால், செவுள் வழியாகச் சுவாசிக்க முடியாமல் போனதே சாவுக்குக் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு ஒன்று செவுள் வெந்து போயிருக்க வேண்டும், அல்லது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்க வேண்டும். இறைத்து நிரப்பிய அன்றிரவே நடந்திருப்பதால் என் சந்தேகம் முதலில் குளோரின் மீதுதான் விழுகிறது.

குடிநீரில் குழாய் முனை வரை லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நமக்கு அது பாதுகாப்பு; செவுளின் மெல்லிய சவ்வுக்கோ அதுவே அரிக்கும் பொருள். தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றும்போது அந்தக் குளோரின் பழைய தண்ணீரில் கலந்து நீர்த்துப்போகும். நீங்கள் முழுதாக மாற்றியதால் அந்தத் தணிப்பும் இல்லாமல் போயிற்று. அதோடு, அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் கீழேயுள்ள சம்பை அண்மையில் யாராவது கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று காவலாளியிடமோ சங்கத்துச் செயலாளரிடமோ கேட்டுப் பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு லோடில் குளோரின் வாடையே இருக்காது, அடுத்த லோடில் மூக்கைத் துளைக்கும். உள்ளாட்சி ஊழியர்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே சோதனையை வீட்டிலும் செய்ய மலிவான கிட் கிடைக்கிறது.

இறந்த மீன் ஒன்று இன்னும் கையில் இருந்தால், பல்குத்தும் குச்சியால் செவுள் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். புதிதாக இறந்த மீனின் செவுள் இழைகள் நல்ல சிவப்பாக, தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும். அவை வெளிறி, கோழை படர்ந்து, நுனி சிதைந்து ஒட்டிக் கிடந்தால் குளோரினோ, மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவோ சுட்டிருக்கிறது. காப்பித்தூள் நிறத்தில் பழுப்பாக இருந்தால், அந்த அம்மோனியா மாறி உருவாகும் நைட்ரைட் என்ற நஞ்சுதான் காரணம். இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடுகிறது. வாயைப் பிளந்து, செவுள் மூடிகளை விரித்தபடி இறந்திருந்தால் மூச்சுத் திணறல். ஆனால் இறந்து பல மணி நேரமான மீனின் செவுள் தானாகவே வெளுத்துவிடும் என்பதால், காலையில் கண்டெடுத்ததை மாலையில் பிரித்துப் பார்த்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.

ஆக்சிஜன் குறைவையும் ஒதுக்கிவிட முடியாது. அன்றிரவு மின்தடை இருந்ததா? 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் ஏற்கும். அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடுகிறது. செடிகள் உள்ள தொட்டியில் இரவில் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அளவு மிகக் கீழே போகும். குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில் கரைக்கு வந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றனவா என்று பார்ப்பது இதனால்தான். இந்த வகைச் சாவில் பெரிய மீன்கள் முதலில் போகும், சிறியவை தாக்குப்பிடிக்கும். குளோரினுக்கு அந்தப் பாகுபாடு இல்லை. உங்கள் வீட்டில் பெரிய கோல்டு ஃபிஷ்ஷும் விரல்நீள மோலியும் ஒரே இரவில் போயிருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் குளோரின் என்கிறேன். எப்படியானாலும் ஏர் பம்பை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டிவிடுங்கள். சில வாட்டுகளே இழுக்கும் கருவி அது.

போர் தண்ணீராக இருந்தால் வேறொரு கோணமும் உண்டு. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் வந்த நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகவும் இருக்கலாம். ஓர் இரவு வாளியில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழ்களாக விடும் கல்) போட்டு வைத்தால் சரியாகிவிடும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீரில் பழகிய மீனை ஒரேயடியாக ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றுவதும் உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்துக் கொல்லக்கூடும். கேன் தண்ணீர் சுத்தமானது, ஆகவே மீனுக்கு நல்லது என்று நம்பிச் செய்பவர்கள் நிறையப் பேர்.

இதே கேள்வியோடு வருகிற, தொட்டியைக் கழுவாத மற்றவர்களுக்காக ஒன்று: அறையில் கரப்பான் மருந்து தெளித்தீர்களா, கொசு விரட்டித் திரவம் தொட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் எரிந்ததா என்று பாருங்கள். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சுகள் மனிதரைவிட மீனுக்கு மிகக் கொடியவை. ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் குமிழ்களாக அனுப்புகிறது. மீன்கள் கண்ணாடியில் மோதியபடி தாறுமாறாகப் பாய்ந்து, துடித்து இறப்பது இதன் அடையாளம். தொட்டியில் இறால் இருந்தால் அதுவும் உடன் போய்விடும்.

இனி, உங்கள் கௌராமிகளுக்கு வரவிருக்கும் ஆபத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. ஓராண்டாக உங்கள் தொட்டி நன்றாக இருந்தது அவற்றால்தான். குளோரின் உள்ள குழாய் நீரில் தேய்த்துக் கழுவியபோது அவற்றில் பெரும்பகுதி போயிருக்கும். அந்தக் கூட்டம் மறுபடி வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீதமிருக்கும் மீனின் கழிவும், கல்லுக்கடியில் கண்ணில் படாமல் கிடக்கும் செத்த மீனும் அம்மோனியாவைக் கூட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும். குளோரின் சாவு சில மணி நேரத்தில் நடப்பது. அம்மோனியா சாவு மூன்று நான்கு நாட்கள் கழித்து வரும். வெளிக்காற்றை விழுங்கிப் பிழைத்த கௌராமியையும் அது விடாது.

அம்மோனியாவின் நச்சுத்தன்மை தண்ணீரின் பிஎச் அளவை, அதாவது அமில காரத் தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டித்தான் நச்சு வடிவில் இருக்கும்; பிஎச் 8 ஆனால் அது நூற்றுக்கு சுமார் 5 பங்கு; 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டிகளில் பிஎச் மெல்லக் கீழிறங்கி, நிறைய அம்மோனியா தேங்கியும் தீங்கின்றிக் கிடக்கும். திடீரென்று ஞானோதயம் வந்து பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரை ஊற்றியதும் பிஎச் ஏறி, தேங்கியிருந்ததெல்லாம் நஞ்சாக மாறிவிடும். “தண்ணீர் மாற்றாதவரை நன்றாகத்தான் இருந்தன” என்று பலர் புலம்புவதன் பின்னணி இதுதான்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை இவை. எதையும் ஊற்றுவதற்கு முன் தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான புட்டியில் பிடித்து வையுங்கள். பிறகு சோதிக்க அதுதான் ஆதாரம். செத்த மீன்கள் அனைத்தையும் எண்ணி எடுத்து, எண்ணிக்கை குறைந்தால் கற்களைப் புரட்டிப் பாருங்கள். ஆன்டி குளோரின் சொட்டை, மாற்றும் தண்ணீரின் அளவுக்கு அல்லாமல் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு விடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று அழைத்த சோடியம் தயோசல்ஃபேட். குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு நாட்களுக்கு இரையே போடாதீர்கள்; கௌராமி பட்டினியால் சாகாது.

சொட்டு வகைச் சோதனை கிட் ஒன்றை வாங்கி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் கிட்டில் அம்மோனியா இல்லையென்றால் குழாயில் மஞ்சள் நிறம் தெரியும், கூடக்கூடப் பச்சைக்கு மாறும். பச்சை சாயல் தென்பட்ட அன்றே நாலில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றிவிடுங்கள். நைட்ரைட் ஏறும் கட்டத்தில் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். மீன் வளர்க்கும் நண்பர் எவராவது இருந்தால் அவருடைய ஓடும் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் சேர்த்துவிடுங்கள். வாரக்கணக்கில் காத்திருப்பது பெருமளவு குறையும். அவர் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூருக்கோ பக்கத்துக் கடைக்கோ புது மீன் வாங்கப் போவதை, இரண்டு சோதனைகளும் ஒரு வாரம் தொடர்ந்து பூச்சியம் காட்டும் வரை தள்ளிப்போடுங்கள். அப்போதும் முதலில் இரண்டு மூன்று மோலிகள் போதும். கோல்டு ஃபிஷ் உடல் அளவுக்கு மிஞ்சிக் கழிவு விடுவது; அதைக் கடைசியாக, ஒன்றோ இரண்டோ மட்டும் விடுங்கள்.