பதினெட்டு ஆண்டு இடைவெளி

அன்புள்ள ஐயா,

பதின்மூன்று வயதான என் மகன், உர்சுலா கே. லெ குவினின் எர்த்சீ வரிசையில் முதல் மூன்று நாவல்களைப் பத்தே நாட்களில் வாசித்து முடித்தான். மந்திரவாதி கெட் பயணம் செய்த தீவுகளைத் தாளில் வரைந்தும் வைத்திருக்கிறான். நான்காவதான ‘தெஹானு’வில் ஐம்பது பக்கங்களைத் தாண்டவில்லை. “இதில் மந்திரமே இல்லை, வீட்டு வேலைதான் நடக்கிறது” என்கிறான். நானும் படித்துப் பார்த்தேன், எனக்கும் ஏமாற்றமே. தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று அவனை வற்புறுத்தலாமா? ஆசிரியருக்கே அந்த உலகம் சலித்துவிட்டதா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வற்புறுத்த வேண்டாம். உங்கள் மகன் நிறுத்திய இடத்தில்தான் அந்நூல்களை எழுதியவரும் நெடுங்காலம் நிறுத்தியிருந்தார். முதல் நாவல் 1968இலும் மூன்றாவது 1972இலும் வெளிவந்தன. ‘தெஹானு’ வந்தது 1990இல். முதல் நாவலை அது வெளிவந்தபோது பதின்மூன்று வயதில் வாசித்த ஒருவர், நான்காவதைக் கையில் எடுக்கையில் முப்பத்தைந்து வயதை எட்டியிருப்பார். உங்கள் மகனோ அந்த இடைவெளியை ஒரே இரவில் கடக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆசிரியருக்குச் சலித்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. எர்த்சீயில் மந்திரம் என்பது பொருள்களின் மெய்ப்பெயரை அறிவது. அறிந்தபின் அதை எப்போது சொல்லாமலிருப்பது என்று கற்பது அதைவிடக் கடினமானது. முதல் நாவலின் தொடக்கத்தில் கெட்டின் ஆசான் ஒகியன், மழையை விலக்கும் வல்லமை இருந்தும் அதைப் பெய்யவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். மந்திரம் கற்க வந்த சிறுவன், நனைந்தபடி உள்ளுக்குள் புழுங்குகிறான். ‘தெஹானு’வின் முன் உங்கள் மகன் அடையும் எரிச்சல் ஏறத்தாழ அதுதான். (நானும் முதல் வாசிப்பில் அந்நூலைப் பாதியில் மூடி வைத்தவன் என்பதால் அவன் மீது எனக்குக் கூடுதல் பரிவு உண்டு.)

அந்த முதல் நாவலிலேயே, பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்னும் பொருளில் ஒரு பழமொழி போகிற போக்கில் வருகிறது. மந்திரவாதிகள் பயிலும் ரோக் தீவின் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. முதல் மூன்று நாவல்களும் இதைப் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. ஆசிரியர் தாமே படைத்த உலகின் அந்த மூலையை ‘தெஹானு’வில்தான் திரும்பிப் பார்க்கிறார், அதுவும் அடுப்படியில் நின்றுகொண்டு. இரண்டாம் நாவலில் கல்லறைகளின் இருட்டில் பூசாரிச் சிறுமியாக இருந்த டெனார், இங்கே கணவனை இழந்த நடுவயதுப் பெண். தீயில் கருகிய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். மூன்றாம் நாவலின் இறுதியில் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிட்ட கெட், வெறுங்கையோடு அவளிடம் வந்து சேர்கிறான். ஆற்றலையே தன் அடையாளமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவன் அது போனபின் என்ன செய்வான்? ஆடு மேய்க்கிறான். அந்த ஆடுகளை நாவலின் தொய்வாகக் கொள்ள என்னால் இயலவில்லை. நூலின் உண்மையான குறை என்று எனக்குப் படுவது, இறுதியில் டிராகன் வந்து எல்லாவற்றையும் சற்று அவசரமாகத் தீர்த்துவைப்பதுதான்.

எர்த்சீயைப் பிரிய மகனுக்கு மனமில்லையென்றால், 2001இல் வெளிவந்த கதைத்தொகுப்பின் முதல் கதையைக் கொடுங்கள். கெட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு ரோக் பள்ளி எப்படி உருவானது என்பதைச் சொல்லும் கதை அது. வரிசை கலைந்தாலும் பெரிய இழப்பில்லை. அப்பள்ளியை நிறுவியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதை அவன் அங்கே தானாகவே கண்டுகொள்வான். ‘தெஹானு’வை நீங்கள் மட்டும் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், கெட் எப்போது வருவான் என்று காத்திராமல், முதல் பக்கம் தொட்டே டெனாரின் கதையாக.

அன்புடன்.