கிளினிக் வாங்கில் கதை எழுதலாமா?

அன்புள்ள ரீச்சர்,

என் சிநேகிதி உங்கள் சனிக்கிழமை எழுத்து வகுப்புக்கு வருகிறவள். உங்களுக்குச் சனலிங் (காசு கட்டித் தனியாரிடத்தில் ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைப் பார்ப்பது) இருந்ததால் போன கிழமை வகுப்பு பின்னேரத்துக்கு மாறியது என்றாள். நானும் அம்மாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவவுக்குச் சீனியும் பிரசரும். விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் தாண்டித்தான் வீடு. அந்த வாங்கில் எத்தனை கதைகள் கேட்கின்றன! நீங்கள் அங்கே குறிப்பெடுப்பீர்களா? அந்த நேரத்தை எழுத்துக்குப் பயன்படுத்த வழி உண்டா?

வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் அங்கே குறிப்பெடுப்பதில்லை. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, பிளேன்ரீ கூடக் குடிக்காமல், நம்பர் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு இலக்கியம் வராது. அது சின்னக் காரணம். பெரிய காரணம், அந்த வாங்கில் இருக்கிறவர்கள் தங்கள் வருத்தத்தை உமக்காகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்கிறார்கள், அது உம்முடைய காதிலும் விழுகிறது. பெயரை மாற்றி எழுதலாம்தானே என்பீர். காரைநகர், காலில் ஆறாத புண், கனடாவில் மகன் என்று மூன்று விவரம் போட்டால் போதும், ஆளை ஊரே கண்டுபிடித்துவிடும். யாழ்ப்பாணம் அவ்வளவு சின்னது.

ஆனால் அந்த நேரத்தில் எழுதுவதற்கு ஒன்று இருக்கிறது: டொக்டருக்கு ஒரு அரைப் பக்கம்.

என் வகுப்பில் இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறேன். அம்மம்மாவின் வருத்தத்தை, ஒரு சில நிமிடம் மட்டுமே வைத்திருக்கிற ஒருவருக்கு எழுதச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் அம்மம்மா எவ்வளவு நல்லவ என்று தொடங்குவார்கள். டொக்டருக்கு அது வேண்டாம். எது கஷ்டம், எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது என்பவை முதல் நான்கு வரிக்குள் வரவேண்டும்.

எங்கள் ஆட்கள் திகதி சொல்லும் முறை தனி. "நல்லூர்க் கொடியேறினாப் பிறகு துவங்கினது டொக்டர்" என்பார்கள். முன்னால் இருப்பது குருநாகலிலிருந்து வந்த இளம் டொக்டராக இருந்தால் அவருக்கு என்ன விளங்கும்? இத்தனை மாதம் என்று கணக்குப் போட்டு எழுதும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் என்றால் தாளை நீட்டாமல், பார்த்து ஒவ்வொரு வரியாகச் சொல்லும். தாதி மொழிபெயர்க்கவும் குறுகிய வரிதான் வசதி. (1847 இல் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். வார்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட் இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இந்தக் கோபத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.)

"ஒரே ஏலாமல் கிடக்கு" என்பதை மட்டும் எழுதவேண்டாம். அம்மாவிடம் துருவிக் கேளும். சாப்பாடு பிந்தினால் கை நடுங்கி வேர்க்கிறதா? சீனி இறங்கியிருக்கலாம். படுக்கையால் எழும்பும்போது தலை சுற்றுகிறதா? பிரசர்க் குளிசை கூடியிருக்கலாம். பாதம் எரிகிறதா, விறைக்கிறதா, இரவில் கூடுகிறதா? அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். எது என்று முடிவெடுப்பது டொக்டரின் வேலை. வித்தியாசம் தெரிய எழுதுவது உம்முடைய வேலை.

இனி அம்மாமார் மறைக்கிற பகுதி. "ஒழுங்காப் போடுறன்" என்று டொக்டருக்குச் சொல்லுவா. வீட்டில் குளிசை மிஞ்சிக் கிடக்கும். அவ சொன்னதை நம்பி டொக்டர் அளவைக் கூட்டிவிட்டால், பிறகு அவ ஒழுங்காகப் போடத் தொடங்குகிற அன்றைக்கு ஆபத்து. இரத்தம் கொடுக்க முதல் இரண்டு நாள் சோற்றைக் குறைத்து ஏமாற்றவும் பார்ப்பார்கள். எச்.பி.ஏ.வன்.சி என்ற சோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சீனியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தவறவிட்ட குளிசையையும், பரியாரியிடம் வாங்கிய மருந்தையும் அரைப் பக்கத்தில் சேரும். அம்மா கோபிப்பா. கோபிக்கட்டும்.

எல்லாக் குளிசையையும் உறையோடு பையில் கொண்டுபோம். ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும், சனல் பண்ணிய இடத்தில் இன்னொரு பெயரிலும் மெற்போமின் என்ற ஒரே சீனிக் குளிசையைத் தந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

என் வகுப்பு மாறியதைப் பற்றிக் கேட்காமலே விட்டிருக்கிறீர், நன்றி. பிள்ளைகளுக்கு நான் "சனலிங்" என்ற ஒரு சொல்தான் சொல்வேன். என்ன வருத்தம் என்று விளக்கப் போனால் வகுப்பு அன்றைக்கு என் உடம்பைப் பற்றியதாகிவிடும். கொழும்பிலிருந்து வருகிற டொக்டர்மார் சனி ஞாயிறில்தான் வருகிறார்கள். ஆகவே வகுப்புத்தான் விலகவேண்டியிருக்கிறது. நீரும் அடுத்த கிளினிக் திகதியைக் கொப்பியில் குறித்துத் தரும்போதே அது கலண்டரில் போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) இல்லையா என்று பாரும்.

இந்த மாதம் முழுக்க வகுப்பு பின்னேரம் மூன்று மணிக்கு. சிநேகிதியோடு வாரும். அம்மா சம்மதித்தால் அந்த அரைப் பக்கத்தையும் கொண்டுவாரும், எதை வெட்டலாம் என்று பார்ப்போம்.