கூண்டில் பிறந்த குட்டி ஏன் மிரள்கிறது?
நாய் வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து பெட்டைகளை வைத்துக் கென்னல் நடத்துகிறேன். எல்லாம் ராஜபாளையம் இனம். தீனியிலோ தடுப்பூசியிலோ குறை வைப்பதில்லை. ஆனால் இரண்டரை மாதக் குட்டியை வாங்கிப் போகிறவர்கள், "கட்டிலுக்கடியை விட்டு வரமாட்டேன் என்கிறது, கையை நீட்டினால் கடிக்க வருகிறது" என்று போன் செய்கிறார்கள். அதே கடுவனுக்கு வேறொருவர் வீட்டில் பிறந்த குட்டிகள் நன்றாகப் பழகுகின்றன. என் பெட்டைகளின் ரத்தத்தில் கோளாறா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: ரத்தத்தைச் சந்தேகிக்கும் முன் குட்டி வளர்ந்த இடத்தைப் பாருங்கள். 3-வது வாரம் தொடங்கி ஏறக்குறைய 12 முதல் 14-வது வாரம் வரை, குட்டி எதைப் பார்த்தாலும் கிட்டே போய் மோந்து பார்க்கும். அந்த நாட்களில் பழகிய ஆள், சத்தம், தரை எல்லாம் அதற்குச் சொந்தமாகிவிடும். அதன் பிறகு எதிர்ப்படும் புதுப்பொருளைக் கண்டு முதலில் ஒதுங்கும். அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் இதை விரிவாகச் சோதித்திருக்கிறார்கள். 14 வாரம் வரை மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரிடம் ஒட்டவே இல்லை என்று 1961-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் குட்டிகள் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைக் கூண்டுக்குள் கழித்துவிட்டுப் போகின்றன. வாங்கியவருக்குக் கிடைப்பது கடைசிச் சில வாரங்கள்தான். ஆகவே பழக்கும் பொறுப்பு உங்களுடையது.

முதல் இரண்டு வாரம் கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. ஆனால் தொடுவதும் மணமும் தெரியும். தினமும் ஒருமுறை ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்து எடை போடுங்கள். பிறந்த எடை பத்து நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை கூடவில்லை என்றாலே தாயின் பாலையும் குட்டியின் உடம்புச் சூட்டையும் கவனிக்க வேண்டும். எடை போடுகிற அந்த ஒரு நிமிடத்தில் விரலிடுக்கு, காது, வாய் எல்லாவற்றையும் தடவிவிடுங்கள். அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். முதல் வாரக் குட்டியால் தன் சூட்டைத் தானே காக்க முடியாது, படுக்கையில் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பு வேண்டும்.

மூன்றாவது வாரம் காது திறந்ததும் சத்தம் தொடங்கட்டும். ஈன்ற பெட்டையைக் கென்னலின் கடைசிக் கூண்டில் அடைப்பதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. வீட்டுப் பின்கட்டில், குக்கர் விசிலும் மிக்ஸியும் கேட்கிற இடத்துக்கு மாற்றுங்கள். பட்டாசு, இடிச் சத்தங்களைப் போனில் மெல்ல வைத்து, குட்டிகள் பால் குடிக்கும்போது ஓடவிடுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை சற்றே கூட்டலாம். குடிப்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் சத்தம் அதிகம் என்று பொருள்.

குட்டியின் மனநிலையை அறிய ஒரு சோதனை போதும். ஐந்து வாரக் குட்டி விளையாடும்போது நாலடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைச் சிமெண்ட் தரையில் போடுங்கள். எல்லாக் குட்டியும் திடுக்கிடும், அது இயல்பு. அதன் பிறகு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல குட்டி பின்வாங்கி, காதை முன்னுக்குத் தள்ளி, சில நொடிகளில் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து தட்டை மோந்து பார்க்கும். சுவரோடு ஒட்டி, வாலை வயிற்றுக்கடியில் சொருகிக்கொண்டு நிற்கிற குட்டிக்குத் தட்டைத் திரும்பப் போடக் கூடாது. அதே தட்டில் கறித்துண்டு வைத்துத் தரையில் சத்தமில்லாமல் தள்ளிவையுங்கள். அடுத்த நாள் லேசாக ஒரு தட்டு, உடனே தீனி.

நான்காவது வாரத்திலிருந்து தரையை மாற்றிக் கொடுங்கள்: கோணி, தார்ப்பாய், மணல், வழுக்கும் டைல்ஸ், இரண்டு செங்கல் படி. ஆட்களையும் மாற்றுங்கள். தீனி போடுகிற ஒரே ஆளை மட்டும் பார்த்து வளர்ந்த குட்டிக்கு மற்ற எல்லோரும் அந்நியர். சேலை கட்டியவர், லுங்கி கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, குட்டி தானாக வரும்வரை காத்திருக்கட்டும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து தினமும் ஒவ்வொரு குட்டியையும் ஐந்து பத்து நிமிடம் தனியே கொண்டுபோங்கள். ஒரே ஈத்துக் குட்டிகளின் கூட்டத்தில் துணிச்சலாகத் தெரிகிற குட்டி பல நேரம் உடன்பிறந்தவற்றின் தெம்பில்தான் நிற்கும். அதைத் தனியே விட்டால்தான் உண்மை தெரியும். ஆறாவது வாரத்திலிருந்து பயணக் கூண்டைத் திறந்தே உள்ளே போட்டு, அதற்குள்ளேயே தீனி வையுங்கள். விற்பதற்கு முன் இரண்டு மூன்று முறை காரிலோ ஆட்டோவிலோ பக்கத்துத் தெருவரை அழைத்துப் போய்வாருங்கள்.

தாயையும் கவனியுங்கள். ஆளைக் கண்டதும் உறுமுகிற தாயிடமிருந்து குட்டிகள் அதைக் கற்றுக்கொள்ளும். வெளியாள் வரும்போது தாயை நடை கூட்டிப் போய்விடுவது நல்லது.

கேள்வி: 16 வாரம்வரை குட்டியைத் தரையில் விடாதே என்கிறார் கால்நடை மருத்துவர். அப்படியானால் எப்படி வெளியுலகம் காட்டுவது?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: மருத்துவர் சொல்வது சரி. குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எப்போது அது குறையும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் 6 – 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை போடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

ஆனால் தரையில் விடாமலே உலகத்தைக் காட்டலாம். மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் கால் மணி நேரம் உட்காருங்கள். பஸ், லாரி, மாடு, கூட்டம் எல்லாம் கண்ணில் படும், கால் மட்டும் மண்ணில் படாது. தடுப்பூசி போட்ட, நோயில்லாத வீட்டு நாயோடு சொந்த வாசலுக்குள் விளையாட விடலாம். தெரு, சந்தை, மருத்துவமனைத் தரை ஆகிய மூன்றும் கூடவே கூடாது.

கென்னலுக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவி வரட்டும். வேறு கென்னலிலிருந்து நேராக வருகிறவரைக் குட்டிகளிடம் விடாதீர்கள். கூண்டுத் தரையைக் கழுவி அழுக்கை நீக்கிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க விட்டுக் கழுவுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பயனில்லை, மண் தரையிலும் இது நம்பகமாக வேலை செய்யாது.

குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்க வேண்டும். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். 2, 4, 6, 8-வது வாரங்களில், எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொன்னபடி கொடுங்கள். தாய்க்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: வெள்ளைக் குட்டி ஒன்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா, செவிடா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: ராஜபாளையம் இனத்தில் இது தெரிந்த குறைதான். வெள்ளை நிறத்தோடு உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும். ஆறு வாரத்துக்குப் பின் குட்டி தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாதபடி பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுகூட அசையவில்லை என்றால் சந்தேகம் வலுவானது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். மூளைத்தண்டின் செவி அலையைப் பதிவுசெய்யும் 'பேர்' பரிசோதனையில்தான் உறுதியாகும்.

அப்படிப்பட்ட நாயை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். அந்த ஜோடியையும் திரும்பச் சேர்க்காதீர்கள். வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கைச்சைகையில் நன்றாகப் பழகும். தூங்கும்போது தொட்டால் பதறிக் கடிக்கலாம், ஆகவே பக்கத்தில் தரையைத் தட்டி எழுப்ப வேண்டும்.

கேள்வி: பெட்டைக்குப் பத்து மாதத்தில் முதல் ஹீட் (இணை தேடும் பருவம்) வந்திருக்கிறது. இணை சேர்க்கலாமா? எத்தனையாவது நாள்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: கூடாது. உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் 18 மாதத்துக்குக் குறைந்த பெட்டையைச் சேர்க்கத் தடை விதிக்கின்றன. ஆண்டுக்கு ஒரு ஈத்துதான். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கவும் கூடாது.

வயது வந்தபின், ரத்தக்கசிவு தொடங்கி 10 முதல் 14-வது நாளுக்குள் பெரும்பாலும் சேர்க்கை அமையும். ஆனால் பெட்டைக்குப் பெட்டை மாறும். நாளை எண்ணிச் சேர்த்துச் சினை பிடிக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தால் கருமுட்டை வெளியாகும் நாள் தெரியும். அதிலிருந்து ஏறக்குறைய 63-வது நாள் ஈனும். சேர்க்கும் முன் இரண்டுக்கும் புரூசெல்லா பரிசோதனை கட்டாயம். கடைசி வாரங்களில் கருச்சிதைவை உண்டாக்கும் நோய் அது, மனிதருக்கும் தொற்றும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காவல் நாய் என்ற பெயரில் பயந்த நாயைச் சேர்க்கிறார்கள். வாலைச் சொருகிக்கொண்டு, ஆள் முதுகைத் திருப்பியதும் ஓடிவந்து கடிக்கிற நாய் பயத்தில் கடிக்கிறது. அந்தச் சுபாவம் குட்டிகளுக்கு இறங்கும். நிமிர்ந்து நின்று குரைத்து, சொந்தக்காரர் சொன்னதும் அடங்குகிற நாய்தான் காவலுக்கான நாய்.

கேள்வி: சினைப் பெட்டைக்குக் கால்சியம் டானிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். சினையில் தேவைக்கு மேல் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடம்பின் ஏற்பாடு மந்தமாகிவிடும். பால் பெருகும் நாட்களில் நடுக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு வரும். அந்த அறிகுறி தெரிந்தால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாது.

கேள்வி: மூன்று வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை கூண்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. இனி மாறுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஓரளவு மாறும், ஆனால் வேகம் அதன் கையில். முதலில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, வாசலில் தீனி வையுங்கள். இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். சிப்பிப்பாறை ஓட்ட நாய், ஒருமுறை கழன்று ஓடினால் பிடிப்பது கடினம். தலை மெலிந்திருப்பதால் சாதாரணப் பட்டை எளிதில் நழுவிவிடும். கழுத்துப்பட்டையோடு மார்ப்பட்டையும் போட்டு, சுவர் உள்ள வாசலுக்குள் மட்டும் நடத்துங்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். உங்கள் கையிலிருந்து தீனி வாங்கத் தொடங்கிய பிறகே இரண்டாவது ஆளை அறிமுகப்படுத்தலாம். இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். அதுவரை அதைக் குட்டி போட வைக்காதீர்கள்.