ஒரே வரியில் முடிந்த சண்டை – கடிதமும் பதிலும்

வணக்கம்,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ‘ஃப்ரீரன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் ஆறு எபிசோடுகள் மெதுவாகப் போனாலும் பிடித்திருந்தன. ஆனால் ஏழு முதல் பத்து வரை, அவுரா வருகிற பகுதி, எனக்குப் பெரிய ஏமாற்றம். ஐந்நூறு வருடம் வாழ்ந்த அரக்கி, தலையில்லாத பிணங்களின் படை என்று மூன்று எபிசோட் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நான்காவதில் பெரும்பகுதி ஃப்ளாஷ்பேக். அப்புறம் ஒரு தராசு சாய்கிறது, ஃப்ரீரன் ‘அவுரா, உன்னையே கொன்றுகொள்’ என்று ஒரு வரி சொல்கிறாள், முடிந்தது. அந்த ஒரு வரியை ஏற்கெனவே துண்டு வீடியோக்களில் நூறு முறை பார்த்தாயிற்று. இதைச் சண்டை என்று எப்படிச் சொல்வது? பலத்தை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுவதெல்லாம் ‘டிராகன் பால்’ என்ற பழைய அனிமே காலத்துத் தந்திரம்தானே?

இன்னொன்று. பேசத் தெரிந்த, அழத் தெரிந்த ஓர் இனத்தை ஒட்டுமொத்தமாகக் கெட்டது என்று முத்திரை குத்தி, தயங்காமல் கொல்லலாம் என்கிறது கதை. எனக்கு இது உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தவில்லையா?

மேற்கொண்டு பார்க்கலாமா, இத்தோடு விட்டுவிடலாமா?

அன்புடன்
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

அரக்கர் வேந்தனைக் கொன்ற வீரர் குழு ஒன்று. அதில் ஹிம்மல் என்ற வீரன் கிழவனாகிச் செத்துப்போகிறான். உடன் பயணித்த ஃப்ரீரன் எல்ஃப் இனத்தவள், ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்பவள். பத்து வருடம் கூட நடந்தவனைத் தான் சரியாகத் தெரிந்துகொள்ளவே இல்லை என்று அவன் அடக்கத்தன்று அவளுக்கு உறைக்கிறது. பிறகு தன் சிஷ்யை ஃபெர்ன், கோடரி வீரன் ஸ்டார்க் என்ற இரண்டு இளையவர்களோடு வடக்கே போகிறாள். வழியில் கிரானாட் பிரபுவின் நகரத்தில், சமாதானம் பேச அவுரா அனுப்பிய அரக்கத் தூதர்களைப் பார்க்கிறாள். பார்த்த மாத்திரத்தில் மந்திரக்கோலை ஓங்குகிறாள். காவலர்கள் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். நீங்கள் சொல்லும் நான்கு எபிசோடுகள் இங்கே தொடங்குகின்றன.

உங்கள் ஏமாற்றத்தில் பாதி, அது வெளியான விதத்தால் வந்தது என்று நினைக்கிறேன். 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து ஒரே இரவில் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஜப்பானில் ஒளிபரப்பினார்கள். அதன்பின் வெள்ளிதோறும் ஒன்று. அவுரா பகுதி அக்டோபர் 20-இல் தொடங்கி நவம்பர் 10-இல் முடிந்தது. வாரம் ஒன்றாக வரும்போது மனசு தானாக ஒரு பெரிய சண்டையைக் கட்டிக்கொள்ளும். நீங்கள் பின்னால் வந்து பார்த்தவர், அந்த ஒரு வரியைத் துண்டு வீடியோவில் முன்னாலேயே பார்த்துவிட்டவர். உங்களுக்குக் கதை நேர் எதிர்ப்பக்கமாகக் கெட்டுப்போனது. விடை தெரிந்த விடுகதையை நான்கு எபிசோட் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள்.

சரி, இது சண்டையா? அவுராவின் மந்திரத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தன் ஆன்மாவையும் எதிரியின் ஆன்மாவையும் ஒரு தராசில் வைக்கிறாள். யாருக்கு மந்திர ஆற்றல், அதாவது மானா, அதிகமோ அவர் மற்றவரை அடிமையாக்கலாம். தன்னுடையது குறைந்தால் தானே அடிமை என்பதும் அவளுக்குத் தெரியும். மன உறுதியுள்ளவர்கள் கொஞ்ச நேரம் எதிர்த்து நிற்பார்கள் என்பதால், அடிமையானதும் தலையைச் சீவிவிடுகிறாள். அந்தத் தலையில்லாப் படை அப்படிச் சேர்ந்ததுதான். இந்த விதி கடைசி நிமிடத்தில் அவிழ்த்துவிடப்படவில்லை, முன்பே நம் முன் வைக்கப்படுகிறது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: தராசில் ஏறும்போது அவுரா எதை நம்பி ஏறுகிறாள்?

தன் கண்ணை நம்பி. எதிரே நிற்பவளின் மானாவை அவளால் பார்க்க முடிகிறது. தன்னுடையதைவிட அது குறைவு. அரக்கர்களுக்குள் மானாதான் மானம், பதவி, பட்டம் எல்லாம். அதைக் குறைத்துக் காட்டிக்கொண்டு ஒருவர் திரிவார் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே ஏறாது. ஃப்ரீரன் ஆயிரம் வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா நமக்குப் பழக்கமானதுதானே? இந்தக் கடா பின்வாங்க எடுத்துக்கொண்டது ஓர் ஆயிரமாண்டு.

டிராகன் பாலைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். அங்கே பலத்தை எண்ணாகக் காட்டும் ஒரு கருவி உண்டு, பூமியின் வீரர்கள் பலத்தை ஏற்றி இறக்கி அதை ஏமாற்றுவார்கள். வம்சம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒளிப்பதற்கு விலை கிடையாது. தேவைப்படும்போது இறக்கலாம், வேண்டியபோது ஏற்றலாம். எதிரி வாய்பிளப்பதைப் பார்க்கும் சுகம் மட்டும் மிச்சம். ஃப்ரீரனுக்கு அவள் குரு ஃப்ளாம்மே சொல்லிக்கொடுத்ததில் ‘வேண்டியபோது’ என்பதே இல்லை. தூங்கும்போதும், நண்பர்களோடு இருக்கும்போதும், வாழ்நாள் முழுக்க. ஒரு கணம் தளும்பினாலும் கூர்மையான கண் கண்டுபிடித்துவிடும். மந்திரத்தை இவ்வளவு நேசிக்கும் ஒருத்தி, தன் மந்திரத்தின் முழு அளவை யாருக்கும் காட்டாமல் வாழ வேண்டும். அதுவும் வரலாற்றில் பெயர் தெரியாதவளாக. இது கோழைகளின் வழி, மந்திரத்தையே கேலி செய்வது என்று குருவுக்கும் தெரியும், சிஷ்யைக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறார்கள்.

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்த ஃப்ளாஷ்பேக்தான் எனக்கு இந்த நான்கிலும் பிடித்தது. அது வேறெங்கும் வந்திருக்க முடியாது. முன்னால் வந்திருந்தால் தராசின் முடிவு நமக்குத் தெரிந்துவிடும். பின்னால் வந்திருந்தால் சப்பைக்கட்டு. தராசு அந்தரத்தில் நிற்கும் நேரத்தில் அதை வைத்து, எரிந்துபோன எல்ஃப் கிராமத்திலிருந்து ஆரம்பித்து, ஃப்ளாம்மே கிழவியாகி, கடைசியில் கல்லறையைச் சுற்றிப் பூக்கள் மலர்வது வரை ஒரு முழு வாழ்க்கையை ஓட்டிவிடுகிறார்கள். இளவயதுப் பெண் ஒருத்தி நம் கண்முன்னே முதுமை அடைய, பக்கத்தில் நிற்பவள் முகத்தில் ஒரு கோடுகூட விழுவதில்லை. சண்டை நடந்தது அங்கேதான். அவுராவுக்கு முன்னால் நடப்பது வெறும் கணக்குத் தீர்ப்பு. கணக்குத் தீர்ப்பை அரை மணி நேரம் நீட்டியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. தராசுக்கு முன்னால், பிணப்படையோடு மோதும்போது ஃப்ரீரன் அவற்றை வெடித்துச் சிதறடிப்பதில்லை. ஒவ்வொன்றாக அவுராவின் மந்திரக் கட்டை அவிழ்த்துக் கீழே சாய்க்கிறாள். மெனக்கெட்ட வேலை, மானாவும் வீண். அவுராவுக்கே ஆச்சரியம். எண்பது வருடம் முன்னால் மோதியபோது இவள் இப்படிச் செய்யவில்லையே? ஏன் என்று கேட்கிறாள். போன தடவை சிதறடித்ததற்கு ஹிம்மல் கோபித்துக்கொண்டான் என்கிறாள் ஃப்ரீரன். அதற்கு அவுரா சொல்வது: ஹிம்மல்தான் இப்போது இல்லையே.

கிண்டலாகச் சொல்லவில்லை, புண்படுத்தவும் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. கோபிப்பதற்கு ஆள் இல்லாதபோது அந்தக் கோபத்துக்கு என்ன மதிப்பு? ஃப்ரீரனின் முகம் அப்போது மாறுகிறது. ‘நல்லது. நீங்கள் மிருகங்கள்தான், இனி இரக்கமில்லாமல் கொல்லலாம்’ என்கிற மாதிரி ஒரு பதில். முதல் எபிசோடிலிருந்து இந்தத் தொடர் பேசிவருவது அத்தனையும், செத்தவன் சொல்லுக்கு உயிரோடிருப்பவள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது, இந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிட்டது. இயக்குநர் கெய்இச்சிரோ சைதோ இங்கே எந்த ஆர்ப்பாட்டமும் செய்யவில்லை. விழுந்து கிடக்கும் கவசங்களுக்கு நடுவே இருவர் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

குறைகள் உண்டு. நீங்கள் சொல்லாத குறைகளும் உண்டு. தூதர்களில் ஒருவனாகச் சிறைக்கு வரும் ட்ராட் என்ற அரக்கன் சாவதற்காகவே எழுதப்பட்டவன். இன்னொரு தூதரான லீனியே சுவாரசியமான யோசனை. பார்த்த வீரர்களின் அசைவுகளை அப்படியே நகலெடுப்பவள், ஸ்டார்க்கின் குரு ஐசனின் கோடரி வீச்சையே ஸ்டார்க்குக்கு எதிராகத் திருப்புகிறாள். அடிவாங்கி விழுந்தபின் அவனுக்கு உறைக்கிறது, இந்த அடி குருவின் அடியைவிட லேசானது என்று. அடுத்த வீச்சை உடம்பில் வாங்கிக்கொண்டே திருப்பி வெட்டுகிறான். நல்ல இடம். ஆனால் லீனியே யார், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறாள். ஃபெர்னோடு மோதும் தூதர் தலைவன் லூக்னர் ரத்தம் ஒழுக ஒழுகத் தனக்குத்தானே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்கிறான். வாய் ஓயாத வில்லன்கள் அனிமேக்குப் புதிதில்லை, இந்தத் தொடரிலாவது அது இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஃபெர்னும் மானாவை மறைக்கிறாள் என்று கண்டுகொண்ட நொடியில், அங்கே அவுராவுக்கு என்ன நேரப்போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. ஓடிப்போய்ச் சொல்ல அவனுக்கு உயிர் மிச்சமில்லை. நமக்கும் அந்த இடத்திலேயே குறிப்பு கொடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கும் உறுத்துகிறது. இதைச் சப்பைக்கட்டு கட்டிப் பேச மாட்டேன்.

ஏழாவது எபிசோடில் ஹிம்மல் காலத்துச் சம்பவம் ஒன்று வருகிறது. ஓர் அரக்கச் சிறுமி கிராமத்துக் குழந்தையைத் தின்றுவிட்டாள். ஃப்ரீரன் கொல்லப்போகும் நேரத்தில் அவள் ‘அம்மா’ என்கிறாள், ஹிம்மல் தடுத்துவிடுகிறான். கிராமத் தலைவர் அவளைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்கிறார். கொஞ்ச நாள் கழித்து அந்தத் தலைவரையே கொன்றுவிட்டு, அவர் மகளைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு ஈடாக இந்தப் பெண்ணைக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று அவளுக்கு எண்ணம். அரக்கர்களுக்குப் பெற்றோர் வளர்ப்பு என்று ஒன்று கிடையாதே, பிறகு ஏன் அம்மா என்றாய் என்று கேட்டால், அப்படிச் சொன்னால் நீங்கள் கொல்லாமல் நிறுத்திவிடுகிறீர்களே என்கிறாள்.

பயங்கரமான காட்சி, பிரமாதமான எழுத்து. ஆனால் கதாசிரியர் சீட்டை அடுக்கிவைத்துத்தான் ஆடுகிறார். நமக்குச் சந்தேகமே வராதபடி, இரக்கப்பட்டவன் தோற்பதற்கென்றே செய்த உதாரணம் இது. இருட்டில் ‘காப்பாற்றுங்கள்’ என்று குரல் கொடுத்து மனிதர்களை இழுத்துத் தின்ற விலங்குகள்தான் அரக்கர்களின் மூதாதையர் என்ற விளக்கத்தையும் சேர்த்துவிடுகிறார். அந்த உலகத்துக்குள் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. தொல்லை என்னவென்றால், ‘பார்க்க நம்மைப் போல இருப்பார்கள், பேச்சை மட்டும் நம்பாதே’ என்ற வாக்கியத்தை நிஜ உலகில் மனிதர்கள் மனிதர்களைப் பற்றியே சொல்லியிருக்கிறார்கள். அதன் விளைவும் நமக்குத் தெரியும். கதையில் வரும் அரக்கர்கள் யாருக்கும் உருவகம் இல்லை என்று ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். உருவகம் இல்லைதான். ஆனால் கேட்டுப் பழகிப்போகும் வாக்கியம் ஒன்று அதில் இருக்கிறது.

ஆனால் ஒன்று, பேச்சால் ஏமாற்றுபவர்கள் என்று அரக்கர்களைக் காட்டிவிட்டு, அவர்களை ஃப்ரீரன் வெல்வது எதனால்? ஏமாற்றுவதால்தான். அவர்கள் வாயால் பொய் சொல்கிறார்கள், இவள் உடம்பாலேயே பொய் சொல்கிறாள், அதுவும் ஆயிரம் வருடப் பொய். கடைசியில் கண்ணீரோடு வாளைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோகும் அவுராவைப் பார்க்கும்போது எனக்கு வெற்றிக்களிப்பு வரவில்லை. அந்தக் கையை அசைப்பது அவள் மனம் இல்லை. அத்தனை வருடமும் அவள் மற்றவர்களுக்குச் செய்ததும் இதேதான். துண்டு வீடியோவில் சிரிப்பாகத் தெரிகிற அந்தக் கட்டளை, முழுக்கப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை.

கனேஹிதோ யமாதா எழுதி த்சுகாசா அபே வரையும் மூல மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், இந்தக் கேள்வி பின்னால் பெரிதாகத் திரும்ப வருகிறது. மனித உணர்ச்சி என்றால் என்ன என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஓர் அரக்கனின் நீண்ட கதை அது. பெயர் மாஹ்ட். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். உங்கள் உறுத்தலை அது தீர்த்துவைக்காது, இன்னும் கூர்மையாக்கும்.

மேற்கொண்டு பாருங்கள். முதல் பருவம் மொத்தம் 28 எபிசோடுகள். 18-இலிருந்து மந்திரவாதிகளுக்கான தேர்வு ஒன்று நடக்கிறது. ஆரம்பத்தில் பெயர்களை நினைவில் வைக்கவே திணறுவீர்கள், ஏகப்பட்ட புதுமுகங்கள். 26-ஆவதில் ஃப்ரீரன் தன்னுடைய நகலோடே மோதுகிறாள், ஃபெர்ன் கூட நிற்க. சுவர் இடிந்து, தரை பிளந்து, நீங்கள் அவுராவிடம் எதிர்பார்த்த சண்டை அத்தனையும் அங்கே வட்டியோடு கிடைக்கும். தேர்வுப் பகுதியிலும் ஃப்ளாஷ்பேக் உண்டு. பிறகு சொல்லவில்லை என்று கடிதம் எழுதாதீர்கள்.